காம்பில் வெட்டிய பெயர்

"பெயர் பொய்தான் அம்மா. அரம் கொண்டுவந்திருக்கிறேன். நீங்கள் 'ம்' என்றால் இப்போதே ராவி எடுத்துவிடுவேன்."

ஓரின் அம்மாள் 'ம்' என்று சொல்லவில்லை. தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

பழைய வாளைப் பார்த்து அதை அடித்த கொல்லன் யார் என்று சொல்வதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயது முப்பத்தெட்டு. எதிரே உட்கார்ந்திருந்த சீடர் தொகுஜிரோவுக்கு ஐம்பத்திரண்டு. கோட்டை அலுவலகத்தில் இருபது வருஷம் பத்திரங்களில் கையெழுத்து ஒத்துப் பார்த்தவர். வேலையை விட்டார். வேலையின் மிதப்பை விடவில்லை.

தொகுஜிரோவின் மடியில் இருந்தது அவருடைய அப்பாவின் வாள்.

தெருஹிசா என்ற பெரிய கொல்லன் அடித்தது என்று அப்பா சாகிறவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கொல்லர்கள் பெயரை வெட்டுவது பிடிக்குள் மறையும் இரும்புக் காம்பில். அப்பா போன பிறகு தொகுஜிரோ பிடியைக் கழற்றினார். பெயர் இருந்தது. கோணலாக இருந்தது. பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பொய்ப் பெயரைச் சுமப்பதைவிட வாள் பெயரில்லாமல் இருப்பது மரியாதை. அதனால் ராவி விடுவது அங்கே வழக்கம். ராவினால் ராவியதுதான். நிஜமாக இருந்து தொலைத்தால் திரும்ப வராது.

அப்பா சொன்னது பொய்யா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் இரண்டு வருஷமாக இந்த வீட்டுப் படியேறுகிறார்.

"எதை வைத்துப் பொய் என்கிறீர்கள்?" என்றார் அம்மாள்.

தொகுஜிரோ விரல் விட்டு எண்ணினார். இரண்டாம் எழுத்தின் கடைசிக் கோடு சரிந்திருக்கிறது. உளி ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் மேலாக. முதல் எழுத்து, பிடியை இறுக்கும் ஆணிக்கான துளையில் போய் இடிக்கிறது. தெருஹிசா வெட்டிய பெயரைப் பதினோரு வாள்களிலிருந்து காகிதத்தில் ஒற்றி எடுத்த படிகள் தன்னிடம் இருக்கின்றன, ஒன்றில்கூட இப்படி இல்லை.

"துரு?"

துரு கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் ஒரே நிறம்தான், பெயரும் வாளளவு பழசுதான் என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தெருஹிசா உயிரோடிருந்த நாளிலேயே ஒருவன் திருட்டுத்தனமாக வெட்டியிருக்கலாமே. அப்படிப் பார்த்தால் துருவும் சாட்சி சொல்லாது.

"சரிதான்" என்றார் அம்மாள். "வாசல் புத்தகத்தைக் கொண்டுவா, குமா."

சமையல்காரி குமா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தோடு வந்தாள். அந்த வீட்டில் வாளைத் தொடுகிறவர் தினமும் முதலில் அதில் பெயர் எழுத வேண்டும். வெயில் கூரை ஏறிய பிறகு வந்தால் அன்றைக்கு வாள் கிடையாது.

அம்மாள் ஐந்து பக்கங்களைத் தேடி எடுத்தார். தேதிகளைக் காகிதத் துண்டால் மறைத்தார். ஐந்திலும் 'தொகுஜிரோ'.

"இதில் நீங்கள் எழுதாதது எது?"

தொகுஜிரோவுக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷம் தின்ற சோறு இது. ஒரு மூச்சு விடுவதற்குள் விரலை வைத்தார்.

"இது. கை நடுங்குகிறது, மை பாதியில் வற்றியிருக்கிறது. என் எழுத்தைத் தூரத்தில் பார்த்தவன் எவனோ கிறுக்கியது."

"சந்தேகமே இல்லாமல் உங்களுடையது?"

"இது. அந்த வளைவைப் பாருங்கள். வேறு யாருக்கும் வராது."

குமா கூரையைப் பார்த்தாள்.

எவனோ கிறுக்கியது என்று அவர் காட்டிய பக்கத்தின் துண்டை அம்மாள் எடுத்தார். போன வருஷம் பதினோராம் மாதம், பத்தொன்பதாம் நாள்.

தொகுஜிரோவின் விரல் அங்கேயே நின்றது. அவர் மனைவியைத் தகனம் செய்த நாள். வீட்டுக்குப் போக முடியாமல் நேரே இங்கே வந்திருந்தார். ஏன் வந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அம்மாள் ஒரு வாளைக் கொடுத்து எண்ணெய் பூசச் சொன்னார். சாயங்காலம்வரை பூசினார்.

விரலை அடுத்த பெயருக்கு நகர்த்தி, "மற்றது?" என்றார்.

"அது நான் எழுதினது" என்றாள் குமா. "தாமதமானால் எழுதி வைக்கச் சொன்னது நீங்கள்தானே, ஐயா. ஆறு தடவை எழுதியிருக்கிறேன். அந்த வளைவு வருவதற்குள் உயிர் போய்விட்டது."

அம்மாளுக்கு இது தெரியும் என்பது அம்மாள் தேநீர் குடித்த விதத்திலேயே தெரிந்தது. தொகுஜிரோவின் காது சிவந்தது.

பிறகு முகம் கொஞ்சம் தெளிந்தது. "புரிந்துவிட்டது அம்மா. தெருஹிசாவுக்கும் அன்று ஏதோ துக்கம். கோணல்தான் நிஜம்."

"நான் அப்படிச் சொல்லவில்லை. கோணலாக எழுதுகிறவனெல்லாம் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனா? பாதிப் பேருக்கு எழுதவே தெரியாது."

"அப்படியானால் பொய்யா?"

"அதையும் சொல்லவில்லை."

தொகுஜிரோ வாளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், அரத்தைப் பார்த்தார். காலையில் வரும்போது ஒரு பதிலாவது கையில் இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

"கத்தரிக்காயைக்கூட நான் காம்பை மட்டும் பார்த்து வாங்கமாட்டேன்" என்றாள் குமா, யாரிடமும் சொல்லாத மாதிரி.

அம்மாள் அவளை அதட்டவில்லை. இடுப்பிலிருந்து ஒரு துணியை எடுத்து, வாளின் காம்பை, பெயரும் துருவும் துளையும் மறைய, இறுகச் சுற்றினார்.

"உங்கள் அப்பா பிடியைக் கழற்றினபோது நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களா?"

"அவர் கழற்றினதே இல்லை அம்மா. பிடியில் இருந்த மூங்கில் ஆணி அவருடைய தாத்தா காலத்தில் அடித்தது. துளையோடு ஒட்டிப் போயிருந்தது. நான்தான் உடைத்து எடுத்தேன்."

"காம்பைப் பார்த்ததே இல்லை?"

"இல்லை. அவர் பாட்டுக்கு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து உறையிலிருந்து உருவுவார். பார்ப்பார். திரும்பச் செருகுவார். தினமும்."

"வெறுமனே?"

"வெறுமனேதான். நான்கூடக் கேலி செய்வேன்…"

தொகுஜிரோவின் கண் துணி சுற்றிய காம்பை விட்டு மேலே, வாளின் அலகுக்குப் போனது.

அம்மாள் வாளை இரண்டு கையாலும் எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மெதுவாகத் திருப்பினார். கூர் ஓரத்தில், கொல்லன் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தபோது விழுந்த ஒரு வெண்கோடு, பனி படிந்தது போல, எழுந்து எழுந்து தணிந்து போய்க்கொண்டிருந்தது.

மதியத்துக்கு மீன் வந்திருந்தது. செதில் உரிக்க அந்த அரத்தை எடுத்துக்கொள்ளலாமா என்று குமா கேட்டாள்.

இரண்டு தடவை கேட்டாள்.

பிறகு அவளே எடுத்துக்கொண்டு போனாள்.