இலையைத் தொடாத இட்லி

மேலச்செக்கடி என்ற ஊரில் ஆவுடையப்பன் என்று ஒருவன் இருந்தான். ஊர்ப் பெயரை மறைத்திருக்கலாம். ஆனால் அவ்வூரார் இதைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வருவார்கள் என்ற பயத்துக்கு இடமில்லை. படிப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை.

ஆவுடையப்பனுக்கு முப்பத்தெட்டு வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பிளெக்ஸ் பேனர் கடை வைத்திருந்தான். கூட இரண்டு பேர். கம்ப்யூட்டரில் மவுஸ் பிடிப்பவன் சுடலைக்கண்ணு. யார் எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்பவன் இசக்கிப்பாண்டி. மூவரும் கலந்து ஆலோசிக்காமல் தும்மல்கூடப் போடமாட்டார்கள். ஆலோசித்து முடிப்பதற்குள் தும்மல் போய்விடும்.

கடைக்கு இரண்டு வீடு தள்ளி பேச்சியம்மாள் இட்லி அவித்து விற்றுவந்தாள். ஊரே அவளைப் பேச்சியக்கா என்றது. ஆவுடையப்பன் மட்டும் ஒரு வருஷமாக "மதினி" என்றான். காரணம், பேச்சியம்மாளின் தங்கை தங்கபுஷ்பம். அக்காவை அக்கா என்று கூப்பிட்டால் தங்கை தனக்கும் தங்கையாகிவிடுவாள் என்று அவனே யோசித்துக் கண்டுபிடித்திருந்தான். அவன் வாழ்நாளில் சரியாகப் போட்ட கணக்கு அது ஒன்றுதான்.

சித்திரையில் பேச்சியம்மாள் பெரிய டிபன் ஹால் கட்டி முடித்தாள். ஆவுடையப்பன் மெதுவாகப் பெண் கேட்டான். பேச்சியம்மாள் உள்ளே போய்த் தங்கையிடம் பேசிவிட்டு வந்தாள்.

"தம்பி, அவ ஒண்ணுதான் கேக்கா. ஆரம்பிச்ச காரியத்தை முடிக்கத் தெரிஞ்ச ஆளான்னு பாக்கணுமாம். ஹால் வாசல்ல பெரிய எல்இடி திரை வைக்கப் போறேன். அதுல ஒரு இட்லி மேல இருந்து மெதுவா இறங்கி வாழை இலையில வந்து உக்காரணும். பத்து செகண்டு போதும். வெட்டி வெட்டி இழுக்காம, வழுக்கிக்கிட்டு வரணும். அந்தப் படத்தைச் செஞ்சு முடி. மத்ததைப் பொறவு பேசுவோம்."

"இட்லி இலையில விழுந்துட்டா தங்கபுஷ்பம் எனக்கா மதினி?"

"விழட்டும் முதல்ல. திறப்பு விழா அன்னைக்கு அந்த இட்லி இலையைத் தொட்ட பொறவுதான், உள்ள முதல் பந்தியில முதல் இட்லி விழணும். சொல்லிட்டேன்."

இசக்கிப்பாண்டி அதை அப்படியே எழுதிக்கொண்டான். எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

பிளெக்ஸ் என்பது அசையாத பொருள். கட்டினால் கட்டிய இடத்தில் நிற்கும். படத்தை அசைய வைக்க மூவருக்கும் தெரியாது. எனவே திருநெல்வேலியில் நடந்த இரண்டு நாள் அனிமேஷன் வகுப்புக்கு இசக்கிப்பாண்டியை நோட்டோடு அனுப்பினார்கள். வகுப்பு எடுத்த பெண் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் எழுதிவந்தது இது:

"எதையும் செய்யுமுன் நிஜப் பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் நிலையையும் கடைசி நிலையையும் வைத்தால் போதும். நடுவில் உள்ளதைத் தொடக்கூடாது, அது தானாக நிரம்பும். எதுவும் சட்டென்று கிளம்பக்கூடாது, சட்டென்று நிற்கக்கூடாது. முன்னால் தாவுமுன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நிற்க வேண்டிய இடம் நெருங்கும்போது, மிச்ச தூரத்தில் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று போக வேண்டும். கீழே விழுந்து நசுங்கினாலும் பொருளின் அளவு குறையக்கூடாது."

பாதிப் பாதியாகப் போவதையெல்லாம் கையால் செய்ய வேண்டாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது என்பதையும் அவள் சொன்னாள். அந்த நேரத்தில் இசக்கிப்பாண்டி டீ குடிக்கப் போயிருந்தான்.

மறுநாள் காலையிலிருந்தே மூவரும் விதிப்படி வாழத் தொடங்கினார்கள். சுடலைக்கண்ணு சட்டையின் மேல் பித்தானையும் கீழ்ப் பித்தானையும் மட்டும் போட்டுக்கொண்டு வந்தான். மாலைவரை பொறுத்துப் பார்த்தான். நடுப் பித்தான்கள் தாமாக எதுவும் செய்யவில்லை. "புதுச் சட்டை, பழகணும்லா" என்று ஆவுடையப்பன் அவனைத் தேற்றினான்.

பிறகு நிஜ இட்லியைப் பார்க்கப் போனார்கள். பேச்சியம்மாளின் வாசலில் நின்ற ஆவுடையப்பன், உள்ளே நுழையுமுன் விதிப்படி மூன்று அடி பின்னால் போனான். பின்னால் அரைத்து வைத்த மாவு அண்டா இருந்தது. அதில் உட்கார்ந்தான்.

தங்கபுஷ்பம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னவே, இட்லியைப் பாக்க வந்தீரா, இட்லியாவ வந்தீரா?"

"ரெண்டும் ஒண்ணுதானே" என்றான் ஆவுடையப்பன், அண்டாவிலிருந்து எழாமலே. சட்டென்று எழக்கூடாது என்பதால் அவன் எழுந்து முடிக்க நாலு நிமிஷம் ஆயிற்று. அன்றைய மாவு முழுக்க மாட்டுக்குப் போயிற்று.

ஏற்கெனவே அவித்திருந்த இட்லியில் நான்கை வாங்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். முதல் இட்லியை நிறுத்துப் பார்த்துவிட்டுக் கீழே போட்டார்கள். விழுந்ததை மறுபடி நிறுத்தார்கள்.

"அளவு குறையக்கூடாதுன்னு எழுதியிருக்கு. ஆனா குறைஞ்சிருக்கே" என்றான் சுடலைக்கண்ணு.

"ஒரு துண்டைக் காக்கா கொத்திட்டுப் போச்சுவே" என்றான் இசக்கிப்பாண்டி.

"அப்ப காக்காயையும் சேத்துல்லா நிறுக்கணும்?"

மூவரும் காக்கையைப் பார்த்தார்கள். அது வேப்பமரத்தில் உட்கார்ந்து இவர்களைப் பார்த்தது. அந்த இடத்தில் இருந்த நான்கு ஜீவன்களில் யோசித்துச் செயல்பட்டது அது ஒன்றுதான். தராசில் ஏற மறுத்துவிட்டது.

"சரி, காக்காயைப் படத்துல ஒரு ஓரமா வரைஞ்சிருவோம். கணக்கு நேராயிரும்" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னான்.

கடைக்குத் திரும்பிக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார்கள். சுடலைக்கண்ணு மேலே ஓர் இட்லியை வைத்தான், முதல் நிலை. கீழே இலையின்மேல் அதே இட்லியை வைத்தான், கடைசி நிலை. மென்பொருள் நடுவில் உள்ளதைத் தானாக நிரப்பிற்று. இட்லி மேலிருந்து இறங்கி இலையில் உட்கார்ந்தது. காக்கை ஓரத்தில் இருந்தது.

படம் முடிந்துவிட்டது. அப்போது மணி பதினொன்று. அதைப் பேச்சியம்மாளிடம் கொடுத்துவிட்டு வெற்றிலை பாக்கு மாற்ற நாள் பார்த்திருக்கலாம். ஆனால் ஆவுடையப்பன் முகம் வாடியது.

"சட்டுனு நிக்குதேவே."

"ஆமா. ரயில்ல சங்கிலியைப் புடிச்சு இழுத்த மாதிரி நிக்குது" என்றான் சுடலைக்கண்ணு.

"கடைசியா வச்சியே ஒரு இட்லி, அதை எடுத்துரு. மிச்ச தூரத்துல பாதி, அதுல பாதின்னு நாமளே கையால கொண்டு போவோம். இது என் கல்யாணம்வே. அரைகுறையா இருக்கக்கூடாது."

அன்று தொடங்கினார்கள். திரையில் ஸ்கேலை வைத்து அளந்து, ஒவ்வொரு பாதிக்கும் மூவரும் சம்மதித்து, நோட்டில் கையெழுத்துப் போட்டு, இட்லியை இறக்கினார்கள். முதல் பாதிக்கு அரை நாள் ஆயிற்று. ஏழாவது பாதியில் ஸ்கேலில் கோடு தீர்ந்துவிட்டது. எனவே படத்தைப் பெரிதாக்கி அளந்தார்கள். பெரிதாக்கியதும் இடைவெளியும் பெரிதாயிற்று. "நல்லவேளை, கவனிச்சோம். எவ்வளவு தூரம் மிச்சம் கெடக்கு பாரு" என்று இசக்கிப்பாண்டி பெருமூச்சு விட்டான்.

மூன்று வாரத்தில் பன்னிரண்டு பாதி முடிந்தது. திறப்பு விழா வந்துவிட்டது. இட்லி இன்னும் இலையைத் தொடவில்லை.

"மிச்சத்தை அங்க வச்சே இறக்கிருவோம். இன்னும் கொஞ்சந்தான்" என்றான் ஆவுடையப்பன். வேட்டியை அயர்ன் பண்ணிக் கட்டியிருந்தான். மீசைக்கு மை தடவியிருந்தான்.

வெள்ளிக்கிழமை. நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை. பத்தரைக்கு ராகு காலம். ஹாலுக்குள் நூறு இலை போட்டு நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் திரை. திரைக்குக் கீழே மேஜை போட்டு, கம்ப்யூட்டருடன் சுடலைக்கண்ணு. பக்கத்தில் நோட்டுடன் இசக்கிப்பாண்டி. ஒன்பது இருபதுக்குப் படம் ஓடிற்று.

இட்லி முதலில் விதிப்படி கொஞ்சம் மேலே போனது. பிறகு இறங்கியது. நெருங்க நெருங்க மெதுவாக, வழுக்கிக்கொண்டு, பூப்போல இலைமேல் வந்து உட்கார்ந்தது. பார்த்தவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. கூட்டம் கை தட்டியது. பேச்சியம்மாளுக்கே முகம் மலர்ந்தது. கதவருகே நின்ற தங்கபுஷ்பம்கூட ஆவுடையப்பனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். முழு மனுஷனைப் பார்ப்பதுபோல அவள் அவனைப் பார்த்தது அதுவே முதலும் கடைசியும்.

பேச்சியம்மாள் இட்லித் தட்டைத் தூக்கினாள். ஆவுடையப்பன் பாய்ந்து வந்து (விதிப்படி முதலில் பின்னால் போய், பிறகு பாய்ந்து வந்து) கையை விரித்து வாசலை மறித்தான்.

"வைக்காதீங்க மதினி! இன்னும் விழல!"

"என்னல சொல்லுத? அதான் உக்காந்துட்டுல்லா?"

"உங்க கண்ணுக்கு அப்படித் தெரியுது. இன்னும் நூலளவு இருக்கு. சுடலை, காட்டுல!"

சுடலைக்கண்ணு படத்தைப் பெரிதாக்கினான். இட்லி வீடளவு ஆயிற்று. இட்லியின் துளைகள் கிணறுகள்போலத் தெரிந்தன. காக்கையின் ஒரு நகம் மட்டும் ஓரத்தில் தெரிந்தது. இட்லிக்கும் இலைக்கும் நடுவே, உண்மைதான், ஓர் இடைவெளி.

"ஆமாடே, இருக்கு!" என்று பந்தியிலிருந்து எழுந்து வந்த ஒருவர் வியந்தார். ஊர் அப்படிப்பட்ட ஊர். இன்னும் பத்துப் பேர் எழுந்து வந்து இடைவெளியைப் பார்த்தார்கள்.

"பாதி இறக்குல" என்றான் ஆவுடையப்பன். சுடலைக்கண்ணு இறக்கினான். "பதிமூணு" என்று இசக்கிப்பாண்டி எழுதினான். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெரிதாக்கினார்கள். இடைவெளி இருந்தது.

பத்து மணி ஆயிற்று. உள்ளே சாம்பார் ஆடை கட்டியது.

"எல, அந்த இட்லியைப் புடிச்சு ஒரே அமுக்கா அமுக்கித் தொலையேன்!" என்று பேச்சியம்மாள் கத்தினாள்.

"சட்டுனு நிக்கக்கூடாது மதினி. எழுதியிருக்கு."

"இன்னும் எத்தனை பாதி இருக்குல?"

மூவரும் தலைகளைச் சேர்த்து ஆலோசித்தார்கள். ஆவுடையப்பன் நம்பிக்கையோடு நிமிர்ந்தான். "ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டுதான் மதினி வருது. கூடல."

பத்தே கால் போயிற்று. பதினேழாவது பாதி நடந்துகொண்டிருந்தபோது பத்தரை அடித்தது. ராகு காலம் பிறந்தது. நூறு பேரும் கையைத் துடைத்துக்கொண்டு, எதிர்க்கடையில் புரோட்டா சாப்பிடப் போனார்கள்.

தங்கபுஷ்பம் இறங்கி வந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

"இட்லி விழுந்தாச்சு. படம் முடிஞ்சாச்சு. நீரு வந்து பொண்ணு கேட்டதும் அதோட முடிஞ்சாச்சு. நீரெல்லாம் தாலி கட்ட வந்தா, மணவடைக்குப் பாதி, அதுல பாதின்னு வந்து சேரதுக்குள்ள எனக்கு நரைச்சுரும்வே." உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மூவரும் வெயிலில் நின்றார்கள்.

"என்னவே இப்ப நடந்துது?" என்றான் ஆவுடையப்பன்.

இசக்கிப்பாண்டி நோட்டைப் புரட்டினான். "சட்டுனு நிறுத்திட்டாவ. அப்படி நிக்கக்கூடாதுல்லா. அதனால இது நின்னதா ஆவாது அண்ணாச்சி."

ஆவுடையப்பனுக்கு உயிர் வந்தது. "அப்ப மேற்கொண்டு என்ன செய்யணும்?"

"முதல் நிலையும் கடைசி நிலையும் வச்சா போதும். முதல் நிலை வச்சாச்சு, பொண்ணு கேட்டுட்டியள்லா. இனி கடைசி நிலைதான்."

"கல்யாணத்தை வச்சிருவமா?" என்றான் சுடலைக்கண்ணு.

"கூறுகெட்டவனே, கல்யாணம் நடுவுல வாறதுல்லா? நடுவுல உள்ளதை நாம தொடக்கூடாது" என்றான் ஆவுடையப்பன்.

இரண்டு நாள் ஆலோசித்தார்கள். மூன்றாம் நாள் பேச்சியம்மாளின் ஹாலுக்கு எதிரே இருபதடி பிளெக்ஸ் எழுந்தது. 'ஆவுடையப்பன் - தங்கபுஷ்பம் தம்பதியரின் பேரன் காதுகுத்து விழா. அனைவரும் வருக.' தேதி, முப்பத்திரண்டு வருஷம் கழித்து வரும் ஆவணி மாதம். பேரன் படத்துக்கு ஆவுடையப்பன் தன் முகத்தையே சிறிதாக்கி, மீசையை மட்டும் அழித்துப் போட்டிருந்தான். மூவரும் அதன் நிழலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, நடுவில் உள்ளது நிரம்பட்டும் என்று காத்திருந்தார்கள்.

ஆவணி பிறந்ததும் தங்கபுஷ்பத்துக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை நாங்குநேரியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பெண்ணழைப்பு அந்தப் பிளெக்ஸைத் தாண்டித்தான் போயிற்று. சுடலைக்கண்ணு, நடுப் பித்தான் போடாத சட்டையோடு, பதறி எழுந்தான்.

"அண்ணாச்சி, வேற ஆளுல்லா தாலி கட்டப் போறாரு!"

ஆவுடையப்பன் நோட்டை வாங்கி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. முகம் மெதுவாக, விதிப்படி, மலர்ந்தது.

"முன்னால தாவுறதுக்கு முன்னால கொஞ்சம் பின்னால போவணும்லா? போவுதுவே. சரியாத்தான் போவுது."

மூவரும் நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போனார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். பிறகு ஆவுடையப்பன் மேடையேறி, மாப்பிள்ளையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான்.

"ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. என் பேரன் காதுகுத்துக்கு நீங்களும் அவசியம் வந்துரணும்" என்றான்.