தேக்கிலையில் சுற்றிய கிழங்கு

குன்றடிக் காட்டில் தும்பை என்ற முயலும் சிலும்பி என்ற முள்ளம்பன்றியும் உயிர்த் தோழிகள். அந்த ஆவணியில் சிலும்பிக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. குட்டிகளை விட்டு இரை தேடப் போக முடியாமல் வளைக்குள்ளேயே கிடந்த சிலும்பி, அரை வயிறும் கால் வயிறுமாக இளைத்துப்போயிற்று.

குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் நாள் வந்தது. தும்பை நான்கு நாள் மண்ணைக் கிளறி ஆறு வள்ளிக்கிழங்குகளைத் தோண்டி எடுத்தது. 'இது இருந்தால் ஒரு வாரத்துக்கு அவள் வயிறு வாடாது' என்று மனம் நிறைந்துபோய், கிழங்குகளைக் கொடியில் கோத்து இழுத்துக்கொண்டு கிளம்பியது.

வழியில், ஆலமரத்தடியில் மினுக்கன் என்ற வால்காக்கை கடை விரித்திருந்தது. காட்டைப் பார்க்க வந்த மனிதர்கள் போட்டுவிட்டுப் போன ஜிகினாத் தாள்களும் ரிப்பன்களும் விழுதெல்லாம் தொங்கின.

"கிழங்கை இப்படியேவா கொண்டுபோகிறாய்?" என்று கேட்டது மினுக்கன்.

"அவளுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றது தும்பை.

"பிடிக்கட்டும். நரியார் தங்கத் தாளில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். அதன் பக்கத்தில் உன் பரிசு மண்ணும் வேருமாகக் கிடந்தால் சிலும்பிக்குத்தானே தலைகுனிவு?"

தும்பைக்குச் சுருக்கென்றது. தோழி தலைகுனிவதா?

"தாளுக்கு என்ன கேட்கிறாய்?"

"மூன்று கிழங்கு. நீ தெரிந்தவள், ரிப்பனுக்குத் தனியாகக் கேட்கவில்லை."

தும்பை மூன்றைக் கொடுத்துவிட்டு மீதியைப் பளபளவென்று சுற்றிக்கொண்டு நடந்தது. பாதி வழியில் தூறல் போட்டது. தாளின் சாயம் இறங்கியது. காரைமுள் பட்டு நெடுகக் கிழிந்தது. திரும்பி ஓடி, இன்னும் இரண்டு கிழங்கைக் கொடுத்து இன்னொரு தாள் வாங்கியது. ரிப்பனை வாயில் கவ்வி ஓடையைத் தாவியபோது அந்தத் தாளும் நழுவியது. கிழங்கு கரையில் உருண்டது. தாள் தண்ணீரோடு போயிற்று.

மிச்சம் ஒரே ஒரு கிழங்கு. தும்பை தேக்குமரத்தடியில் உட்கார்ந்து அழுதது.

பக்கத்துச் செடியில் கூட்டின் பிரிந்த ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்த தையல்சிட்டு தலையை நீட்டி, "என்னம்மா?" என்றது.

"பரிசைச் சுற்றிக்கொடுக்க ஒன்றுமே இல்லை."

"தேக்குமரத்தடியில் உட்கார்ந்துகொண்டா இதைச் சொல்கிறாய்? நான் என் குஞ்சுகளையே இலையில்தான் சுற்றி வைத்திருக்கிறேன்."

தும்பை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தது. முறம் அகலத்துக்கு இலைகள், மழையில் நனைந்து துவண்டு கிடந்தன. கிழங்கை ஓடையில் கழுவி, இலையில் மடித்து, கொடியால் கட்டி, ஒரு காட்டுமல்லிப் பூவைச் செருகியது. இலைச்சாறு பட்டுப் பாதங்கள் சிவந்துவிட்டன.

வளைக்குள் ஒரே சலசலப்பு. நரியின் தங்கத் தாளைப் பிரித்த சத்தத்தில் குட்டிகள் பயந்து முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு அலறின. உள்ளே இருந்தவை இரண்டே அத்திப்பழங்கள்.

"கூடை நிறையப் பறித்தேன். தாளுக்கே எல்லாம் போயிற்று" என்று நரி கழுத்தைச் சொறிந்துகொண்டது.

சிலும்பி தும்பையின் பொட்டலத்தை முகர்ந்தது. "வள்ளிக்கிழங்கு மாதிரி இருக்கே!" என்று பூவைக் காதோரம் வைத்துக்கொண்டது. கிழங்கை ஒரே மூச்சில் தின்றது. இலையை விரித்துக் குட்டிகளைக் கிடத்தியது. அவை அதன் மேல் சுருண்டு தூங்கிவிட்டன.

"பாதத்தில் என்னடி, மருதாணியா?"

தும்பையால் அடக்க முடியவில்லை. ஆறு கிழங்கு ஒன்றான கதையை அழுதுகொண்டே சொன்னது.

சிலும்பி சொன்னது: "அந்தத் தாளுக்காடி ஐந்து கிழங்கைக் கொடுத்தாய்? மண்ணோடு உருட்டிவிட்டிருந்தாலும் தின்றிருப்பேனே, பைத்தியமே."

தும்பையின் காதுகள் தொங்கின. சிலும்பி தன் முட்களையெல்லாம் குத்தாதபடி படிய வைத்துக்கொண்டு அதை ஒட்டி உட்கார்ந்தது.

மறுநாள் தும்பையும் நரியும் சேர்ந்து கிழங்கு தோண்டின. அன்று ஆலமரத்தடியில் அவை நிற்கவில்லை.

பரிசைக் கரைத்துப் பகட்டு வாங்காமல், கைக்கெட்டுவதில் அன்பாகச் சுற்றிக் கொடுத்தால் அதுவே அழகான பரிசு.