தாய்மடியும் புலிமடுவும்

ஒரு காட்டில், வற்றிப்போன குட்டைக் கரையில் அன்று காலை நின்றவர்கள் இவர்கள்: குட்டிகளையும் சேர்த்து மான்கள் பத்தொன்பது, முயல்கள் ஆறு, முள்ளம்பன்றி ஒன்று, நரி ஒன்று. ஆக இருபத்தேழு பேர்.

தலைவி மான் செம்பிக்கு ஓரிடத்தில் கால் நிலைக்கவில்லை. அவள் குட்டி தண்ணீர் கண்டு இரண்டு நாளாகிறது. அவளிடம் பாலும் வற்றிவிட்டது.

"கிழக்கே புலிமடு இருக்கிறது. நிறையத் தண்ணீர்," என்றது முள்ளம்பன்றி.

"ஐயோ, புலியா!" முயல்கள் ஆறும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. செம்பியும் இரண்டடி பின்வாங்கினாள்.

நரி மெல்லக் கனைத்தது. "குழந்தைகள் முன்னால் சொல்கிற பேரா அது? மேற்கே, மூங்கிலுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது, அம்மா. பேர் தாய்மடி."

தாய்மடி! செம்பிக்குக் கண் கலங்கியது. தன் தாயின் உடல்சூடு நினைவுக்கு வந்தது. குட்டியை முட்டி மேற்கே திருப்பினாள்.

"செம்பியக்கா, கொஞ்சம் பொறுங்கள்," என்றது முள்ளம்பன்றி. "நரி அண்ணே, அந்தப் பேரை வைத்தது யார்?"

"நான்தான். போன வாரம்."

"சரி, பேரை எடுத்துவிட்டுச் சொல்லும். உள்ளே என்ன இருக்கிறது?"

"அன்பு இருக்கிறது. அரவணைப்பு இருக்கிறது..."

"நான் குளத்தைக் கேட்டேன்."

"உடம்பெல்லாம் முள். உனக்கு அன்பு எங்கே புரியும்?"

"நீங்கள் பேசி முடிப்பதற்குள் நான் செத்தே போவேன்!" என்று இளங்கலைமான் ஒன்று மூங்கிலுக்குள் பாய்ந்தது.

தண்ணீர் சளாரென்று அடித்தது. ஒரே ஓர் அலறல். பிறகு ஒன்றுமில்லை.

நரிக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. "முதலையண்ணே, எனக்கும் பங்கு!" என்று கத்திக்கொண்டே ஓடியது. அதுவும் திரும்பவில்லை.

செம்பி முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பினாள். "தம்பி, புலிமடுவில் என்ன இருக்கிறது?"

"தண்ணீர். கோரைப்புல். நாலு தவளை."

"புலி?"

"என் தாத்தா காலத்தில் ஒன்று வந்து குடித்ததாம். நான் ஐந்து வருடமாகக் குடிக்கிறேன். ஒரு கால்தடம்கூடக் கண்டதில்லை."

"பேரைக் கேட்டாலே கால் உதறுகிறதே!"

"உதறட்டும் அக்கா. உதறிக்கொண்டே நடங்கள்."

நடந்தார்கள். தண்ணீரில் வாய் படும்வரை செம்பியின் கால் உதறிக்கொண்டேதான் இருந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்தது.

முள்ளம்பன்றி எண்ணிப் பார்த்தது. மான்கள் பதினெட்டு, முயல்கள் ஆறு, தான் ஒன்று. மிச்சம் இருபத்தைந்து.

நீதி: பெயர் இனிக்கிறதா, பயமுறுத்துகிறதா என்று பார்க்காதே, அந்தப் பெயருக்குள் இருப்பது என்ன என்று பார்.