கவிழ்க்காத பானைகள்

அநியாயம் நடந்தது உலகம்மைக்கு. அவள் அறையில் இருந்த ஏழு பானைத் தண்ணீரை, மடமே கூடி நின்று பார்க்க, முற்றத்தில் கொட்டினார்கள். நாற்பது நாள் பாடம் நடக்கும் கூடத்துக்குள் வரக் கூடாது, வாசலுக்கு வெளியே உட்கார்ந்துதான் கேட்க வேண்டும் என்றார்கள். கொட்டியவர் மூத்த சீடர் திருமலைக்கொழுந்து. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் குருவும் ஒருவர். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மலை மடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது சாயும் முன்பு, பானையில் மிஞ்சிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றிவிட்டு, பானையை முற்றத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். நாளைக்கு என்று எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. மேலே சுனை இருந்தது. மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் விடாமல் வந்தது. நாளைக்கும் வரும் என்று நம்புவதுதான் அங்கே முதல் பாடம்.

உலகம்மை கீழே கரிசல் காட்டு ஊர்க்காரி. கிணறு வற்றினால் என்ன ஆகும் என்று பார்த்தவள். அவளுக்கு அந்தப் பாடம் இறங்கவில்லை. தனக்கு மூன்று பானை, யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் நான்கு பானை என்று நிரப்பி வைத்தாள்.

ஒளித்தும் வைக்கவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் பழைய தண்ணீரைச் சுமந்துபோய் வாழைக்கு ஊற்றுவாள். பானையைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைப்பாள். புதுத் தண்ணீர் பிடித்து, வாயில் துணி கட்டுவாள். எல்லாம் பட்டப்பகலில். அப்படித்தான் மாட்டிக்கொண்டாள்.

"என்ன, கல்யாண வீடா இது?" என்றார் கொழுந்து.

"தண்ணிதான் ஐயா."

"நாளைக்குச் சுனை வத்திரும்னு பயமோ?"

"வத்தாதுன்னு உங்ககிட்டச் சுனை சொல்லிச்சோ?"

யாரோ சிரித்துவிட்டார்கள். பானைக்குக் கிடைத்த தண்டனை பாதி என்றால், அந்தச் சிரிப்புக்குக் கிடைத்தது மீதி.

தண்ணீர் மண்ணில் ஓடியது. அவள் குருவைப் பார்த்தாள்.

"சாமி, நீங்க சொல்லுங்க. இது தப்பா?"

குரு தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்டனையின் முப்பத்தொன்றாம் நாள் காலை, குழாயில் தண்ணீர் நின்றது.

பங்குனி வெயில். என்னவென்று பார்க்க மேலே போன கொழுந்து, ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார்.

"யானை. பன்னிரண்டோ பதினாலோ. குட்டி போட்டிருக்கு. சுனையைச் சுத்திக் கோட்டை மாதிரி நிக்குது. மூங்கிலெல்லாம் மிதிபட்டு நார் நாராக் கிடக்கு."

மடத்திலிருந்து வெளியேறும் ஒரே பாதையும் மேலே ஏறி, சுனையை ஒட்டிப் போய்த்தான் மலையிறங்கியது. குட்டி காலூன்றி நடக்கும்வரை கூட்டம் நகராது. இரண்டு நாளோ, மூன்று நாளோ. மேலிருந்து ஒரு பிளிறல் கேட்டது. முற்றத்துத் தரை காலுக்கடியில் அதிர்ந்த மாதிரி இருந்தது. யாருக்கும் யானைமேல் கோபம் வரவில்லை. குட்டி போட்டவள் தண்ணீர்ப் பக்கம்தானே நிற்பாள்.

முந்தின மாலை கவிழ்த்த பானைகள் வரிசையாக இருந்தன. நிமிர்த்திப் பார்த்தார்கள். ஈரம்கூட இல்லை.

அன்றுதான் மடைப்பள்ளியில் சமைக்கும் மாடத்திக்கு வாந்திபேதி. விடியற்காலையில் தொடங்கியது. உச்சிப் பொழுதுக்குள் கண் குழி விழுந்துவிட்டது. நாக்கு மரக்கட்டை. உலகம்மை அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய இடம் அப்படியே நின்றது.

முற்றத்துக்கு வந்து சொன்னாள்: "இப்பத் தண்ணி உள்ள போகணும். இல்லேன்னா பொழுது அடையிறதுக்குள்ள போயிருவா."

குரு கூடத்து வாசலில் நின்றார். "யார்கிட்டயாவது தண்ணி இருக்கா?"

உலகம்மை முற்றத்து மண்ணைக் காட்டினாள்.

"என்கிட்ட இருந்துச்சு. ஏழு பானை. இங்கதான் கொட்டுனாங்க."

உள்ளே மாடத்தி முனகுவது கேட்டது.

ஏடுகளைப் பார்த்துக்கொள்ளும் சீடர் மெல்ல நகர்ந்தார். தன் அறைக்குப் போனார். ஏட்டுக் கட்டுகளை விலக்கும் சத்தம் வந்தது. ஒரு சிறு பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், முற்றத்து நடுவில் வைத்தார்.

பிறகு இன்னொருவர். கட்டிலுக்கு அடியிலிருந்து. பிறகு ஒரு பெண், விறகு அடுக்குக்குப் பின்னாலிருந்து. காவித் துணிக் குவியலுக்குள்ளிருந்து ஒன்று. தவிட்டு மூட்டைக்குள்ளிருந்து ஒன்று. கதவுகள் திறந்தன. காலடிகள் வந்தன. பானை மண்ணில் உட்காரும் சத்தம் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக. தனக்கு மட்டும்தான் நம்பிக்கை குறைவு என்று இத்தனை வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள், அடுத்தவர் கையில் இருந்ததைப் பார்த்துச் சிலையாகி நின்றார்கள்.

கடைசியாகக் கொழுந்து வந்தார். அவர் கையில் ஒன்று இல்லை. இரண்டு.

மொத்தம் பதினேழு.

உலகம்மை மூடிகளைத் திறந்தாள். நாற்றம் முகத்தில் அடித்தது. பச்சை பிடித்திருந்தது. சிலவற்றில் புழு நெளிந்தது. பின்னே எப்படி இருக்கும்? ஒளித்து வைத்த தண்ணீரை மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் வெளிச்சத்தில் முற்றத்தைத் தாண்ட வேண்டும்.

"இத எப்படிம்மா குடிக்கிறது?" என்றார் கொழுந்து.

"என்னோடதக் குடிச்சிருக்கலாம்."

சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினாள். ஒவ்வொரு பானையாக முகர்ந்தாள். "இந்த அஞ்சும் குடிக்க. காய்ச்சித்தான். இந்த நாலும் அவ துணி அலச. மிச்சம் வாழைக்கு. அடுப்ப மூட்டுங்க. வேட்டியில வெளுத்தது எதுன்னு பாருங்க, எட்டா மடிக்கணும்."

வேட்டியின் ஒரு முனை கொழுந்து கையில் வந்தது. அவர் பிடியில் துணி தொய்ந்தது.

"இறுக்கிப் பிடிங்க ஐயா. அன்னைக்கு என் பானையப் பிடிச்ச பிடியக் காணோமே."

"சொல்லு தாயி, சொல்லு. வாங்கிக்கத்தானே வேணும்."

வடிகட்டினார்கள். தெளியவிட்டு மறுபடி வடிகட்டினார்கள். தளதளவென்று கொதிக்கவிட்டு இறக்கினார்கள். ஆறியதில் உப்பும் கருப்பட்டியும் கரைத்து, உலகம்மை கரண்டி கரண்டியாக மாடத்தியின் வாயில் விட்டாள். முதலில் வெளியே வந்தது. மறுபடி விட்டாள். பொறுத்து, மறுபடி. வெயில் சுவரை விட்டு இறங்கியது. வாசலில் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாடத்தி கண் திறந்தாள். சப்புக்கொட்டினாள்.

"எவடி கரைச்சது? உப்பு கூடிப்போச்சு."

கொழுந்து சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

உலகம்மை கரண்டியை இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். நேரே திண்ணையில் உட்கார்ந்திருந்த குருவின் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, அன்னைக்கு ஒண்ணு கேட்டேன். இன்னும் பதில் வரல."

"உலகம்மை, சாமிகிட்ட இப்படியா பேசறது?" என்று எழுந்து வந்தார் கொழுந்து.

"நீங்க துணியப் பிழிங்க ஐயா. உங்கமேல எனக்குக் கோபம் தீந்துபோச்சு. தப்புன்னு நம்பிச் செஞ்சவங்கள விட்டுரலாம். சாமி, உங்களுக்குத் தெரியும். நான் செஞ்சது தப்பில்லேன்னு தெரியும். கொட்டும்போது உங்க முகத்தப் பாத்தேன். தெரிஞ்சவரு ஏன் பேசாம நின்னீங்க? அதச் சொல்லுங்க. சொல்லலேன்னா யானை இறங்கினதும் நானும் இறங்கிருவேன்."

குரு எழுந்தார். கூடத்துக்குள் போனார். கோபம் வந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

உள்ளே பலகை நகரும் சத்தம் கேட்டது. அவர் தினமும் உட்கார்ந்து பாடம் சொல்லும் பலகை. அதற்கடியில் இருந்த குழியிலிருந்து, ஊறுகாய் போடுகிற பெரிய ஜாடி ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். படியில் தடுமாறினார். உதவ வந்தவர்களைத் தலையசைத்து விலக்கினார். உலகம்மையின் முன்னால் இறக்கி வைத்தார்.

மூடியைச் சுற்றி மெழுகு அடைத்திருந்தது. அவள் சுரண்டித் திறந்தாள். கூட்டம் இரண்டு எட்டு பின்னால் போனது. உள்ளே தண்ணீர் கறுத்துப்போயிருந்தது. அந்தப் பதினேழு பானையிலும் அப்படி ஒரு நாற்றம் இல்லை.

அவள் குனிந்து அதைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"எப்பப் பிடிச்ச தண்ணி சாமி இது?"

"எங்க குரு எனக்குப் பானையக் கவுக்கச் சொல்லிக் கொடுத்தாரே, அதுக்கு மறுநாள்."

குரு ஜாடியின் விளிம்பில் ஒட்டியிருந்த மெழுகைத் துடைத்தார்.

"உனக்காகப் பேசியிருந்தா, இதையும் அன்னைக்கே இங்க தூக்கிட்டு வந்திருக்கணும்," என்றார் குரு. "எனக்குக் கை வரல தாயி."