கடைமடைக்கு ஒதுக்கிய தண்ணீர்

எந்த நாடு, எந்த அரசர் என்றெல்லாம் கேட்காதீர்கள். முன்னொரு காலத்தில் நடந்தது. அந்த அரசருக்கு ஒதுக்குவதில் கொள்ளைப் பிரியம். காலையில் கொலுமண்டபத்தில் அமர்ந்து, இந்த ஊருக்கு இவ்வளவு தண்ணீர், அந்த ஊருக்கு அவ்வளவு நெல் என்று ஒதுக்குவார். உடனே அந்த ஊரில் முரசு அறைவார்கள். கேட்டவர்கள் எழுந்து நின்று அரசரை வாழ்த்த வேண்டும். அத்தோடு காரியம் முடிந்தது என்பது அரண்மனை வழக்கம்.

அரசவை விகடகவி மருதையனின் தங்கை செங்கமலம் வாய்க்கால் முடிகிற கடைமடை ஊரில் வாழ்க்கைப்பட்டவள். போன பஞ்சத்தில் கணவனைப் பறிகொடுத்தவள். ஒருநாள் அண்ணனைத் தேடி வந்தாள்.

"முரசு அடிக்கிறப்பெல்லாம் எந்திரிச்சு நின்னு வாழ்த்துறோம் அண்ணே. தண்ணிதான் வரல. தலைமடையில அமைச்சரோட வாழைத்தோட்டம் மொத்தத்தையும் குடிச்சிடுது. நாத்து இன்னும் ரெண்டு நாள் தாங்கினா பெரிசு."

மருதையன் சபையில் அதை அப்படியே சொன்னான். வாழைத்தோட்டத்தையும் விடவில்லை.

அமைச்சர் பஞ்சநதர் இப்படியொரு வாய்ப்புக்குத்தான் காத்திருந்தார். "பிரபு, தாங்கள் ஒதுக்கிய பிறகும் வரவில்லை என்றால் தங்கள் வாக்கு பொய் என்றல்லவா ஆகிறது? ஒதுக்கீடு என்றால் என்னவென்று இவனே நமக்கு விளக்கட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

அரசருக்கு வேடிக்கை பிடித்திருந்தது. "நாளைப் பகலுக்குள் எனக்கு விளங்க வேண்டும், மருதையா."

"அப்படியானால் நாளைய விருந்தை அடியேன் பொறுப்பில் விடுங்கள், பிரபு."

மறுநாள் பந்தியில் முதல் இலை பஞ்சநதருக்கு. அரசருக்குக் கடைசி இலை. முரசு முழங்கியது. மருதையன் அறிவித்தான்: "மாமன்னருக்குச் சீரகச் சம்பா அன்னமும் பருப்பும் நெய்யும் ஒதுக்கப்பட்டன."

பரிசாரகர்கள் முதல் இலையில் பரிமாறத் தொடங்கினார்கள். அதைவிட்டு நகரவே இல்லை. "போதுமய்யா" என்று பஞ்சநதர் கையால் மறைத்தார். கைமேலேயே சோறு விழுந்தது. அண்டா அங்கேயே காலியாயிற்று.

அரசர் தம் இலையைப் பார்த்தார். தெளித்த தண்ணீர்கூடக் காய்ந்திருந்தது.

"சோறு எங்கே?"

"ஒதுக்கியாயிற்றே, பிரபு. முரசு கேட்கவில்லையா? தாங்கள் இன்னும் எழுந்து வாழ்த்தவில்லை, அதுதான் குறை."

"முரசு என் வயிற்றை நிரப்புமா?"

"அடியேனின் தங்கையும் அதைத்தான் கேட்டாள்."

சோற்றுக் குவியலுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த அமைச்சரை அரசர் பார்த்தார். வாழைத்தோட்டம் நினைவுக்கு வந்தது. விலா நோகச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மருதையன் கழுத்தில் போட்டார். பிறகு அமைச்சரிடம் சொன்னார்: "எழுந்திரும். கடைமடை வயலில் தண்ணீர் ஏறியதும் வந்து சொல்லும். அதற்குப் பிறகுதான் நான் சாப்பிடுவேன்."

அன்று மாலையே செங்கமலத்தின் நாற்று நனைந்தது. ஊரே பட்டினி கிடந்தபோது நகராத தண்ணீர், அரசர் ஒரு வேளை பட்டினி கிடந்ததும் ஓடி வந்தது.