அரண்மனைக்குள் சிவப்பு வந்த வழி

முதலில் ஒரு விடுகதை. வாசலில் பலத்த காவல். சிவப்பு என்று ஒரு பொட்டுகூட உள்ளே போகவில்லை. ஆனாலும் உள்ளே ஓர் அறை முழுக்கச் சிவந்துவிட்டது. எப்படி?

விடை தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவர் காதில் ஓதாதீர்கள். தெரியாதவர்கள் வருந்த வேண்டாம். உங்களுக்குத் துணையாக ஓர் அமைச்சரே இருக்கிறார்.

வேங்கைக்குடி அரண்மனையில் எல்லாம் வெள்ளை. சுவர் வெள்ளை, தூண் வெள்ளை, கதவுகூட வெள்ளை. ராஜா பொன்னவராயர் பட்டப்பகலிலேயே வழி தெரியாமல் சமையல்காரர் அறைக்குள் போய் நிற்பார்.

அவருடைய ஆறு வயது மகள் கோமளை ஒரு நாள், "அப்பா, என் அறைக்குச் சிவப்பு அடிக்க வேண்டும். கோவைப்பழச் சிவப்பு" என்றாள்.

ராஜா தலையாட்டுவதற்குள் அமைச்சர் உருத்திரமூர்த்தி குறுக்கே புகுந்தார். "சிவப்பா! தூதர்கள் வந்தால் சிரிப்பார்களே! இது அரண்மனையா, மிட்டாய்க் கடையா? சிவப்பு எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது என்று ஆணையிடுங்கள் மகாராஜா."

ராஜா சாப்பிட்ட மயக்கத்தில் இருந்தார். "சரி, சரி" என்றார். முரசும் அறைந்தாகிவிட்டது.

கோமளை கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். ராஜா தரையில் குப்புறப் படுத்து, "கண்ணு, ஒரு வாய் சோறு?" என்று கெஞ்சினார்.

"சிவப்பு" என்றது கட்டில்.

ராஜா இருளப்பனைக் கூப்பிட்டார். சபையைச் சிரிக்க வைப்பதுதான் இருளப்பனின் வேலை. "குழந்தை சிவப்பு கேட்கிறாள். என் ஆணையும் மீறப்படக் கூடாது. நாளை பொழுது சாய்வதற்குள் அவள் சாப்பிட்டாக வேண்டும். ஏதாவது செய்!"

"முடியாவிட்டால் அவன் இருக்கையை என் மைத்துனனுக்குக் கொடுங்கள் மகாராஜா" என்றார் அமைச்சர். "நன்றாகச் சிரிப்பான்."

"சிரிக்க வைப்பானா?"

"இல்லை, சிரிப்பான்."

"சரி, சரி" என்றார் ராஜா, கட்டிலைப் பார்த்தபடியே.

சிரிக்க வைப்பதைத் தவிர இருளப்பனுக்கு வேறு வேலை தெரியாது. வழி தெரியாதபோதெல்லாம் அவன் போகும் இடம் ஒன்றுதான்: அடுக்களை. அங்கே பெண்கள் ஏதோ விசேஷத்துக்குத் தட்டில் எதையோ கரைத்துக்கொண்டிருந்தார்கள். திருடிய முறுக்கு வாயில் பாதி இருக்கும்போதே அவன் கண் விரிந்தது. மீதி முறுக்கை நிம்மதியாகக் கடித்தான்.

மறுநாள் காலை அமைச்சரே வாசலில் நின்று சோதனை போட்டார். வெற்றிலை போட்டவர்களெல்லாம் வாய் கொப்பளித்த பிறகே உள்ளே போனார்கள். சேவலின் கொண்டையில் துணி கட்டினார்கள். கிளிக்கு மூக்கில் கட்டு. சேவலாவது பேசாமல் போனது. கிளி திட்டிக்கொண்டே போனது.

இருளப்பன் மாட்டுவண்டியில் இரண்டு பெரிய பானைகளோடு வந்தான்.

"திற!" என்றார் அமைச்சர். விரலை விட்டுப் பார்த்தார். "இது அரைத்த மஞ்சள். அது சுண்ணாம்பு. சிவப்பு எங்கே ஒளித்திருக்கிறாய்?"

"வண்டிக்கு அடியிலும் பாருங்கள் ஐயா."

அமைச்சர் பார்த்தார். மாட்டின் வாயைக்கூடப் பார்த்தார். பிறகு, "போ, போ. பிள்ளைக்கு மஞ்சள் அடித்து வாங்கிக் கட்டிக்கொள்" என்று சிரித்தார்.

மதியத்துக்குள் கோமளையின் அறையிலிருந்து ஆரவாரம் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான்கு சுவரும் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன! கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"சூனியம்!" என்று அலறினார் அமைச்சர்.

"ஐயா, போன வாரம் ஊரிலிருந்து திரும்பினீர்களே, உங்கள் வீட்டம்மா ஆரத்தி எடுத்தார்களா?" என்று கேட்டான் இருளப்பன்.

"எடுத்தாள்."

"தட்டில் இருந்த தண்ணீர் என்ன நிறம்?"

"சிவப்பு."

"எதைக் கலந்தார்கள்?"

அமைச்சர் வெகுநேரம் யோசித்தார். "ஆரத்தியில்... ஆரத்தியைத்தான் கலப்பார்கள்!"

பணிப்பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ராணியால் பொத்தவும் முடியவில்லை.

"மஞ்சளும் சுண்ணாம்பும் ஐயா! இரண்டையும் நீங்களே விரல் விட்டுப் பார்த்துத்தானே அனுப்பினீர்கள்?"

ராஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கை சிவந்தது. இன்னும் சிரித்தார்.

காலையிலிருந்து வெயிலில் நின்றதால் அமைச்சர் கையில் புளித்த மோர்ச் சொம்பு இருந்தது. "இது மோசடி!" என்று அந்தக் கையையே வீசினார். மோர் ஒரு சுவர் முழுக்கத் தெறித்தது. தெறித்த இடமெல்லாம் மஞ்சளாக மாறியது.

சிரிப்பு நின்றது.

"பார்த்தீர்களா, சிவப்பு ஓடிவிட்டது!" என்று குதித்தார் அமைச்சர். "மைத்துனனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?"

புளிப்பு பட்டால் இப்படி ஆகும் என்று இருளப்பன் நினைத்தே பார்க்கவில்லை. "மகாராஜா, அறை இளவரசியுடையது. அவரே சொல்லட்டும்."

ராஜா குனிந்தார். "கண்ணு, இந்தச் சுவரில் மறுபடியும் சிவப்பு அடிக்கச் சொல்லவா? இல்லை, பழையபடி வெள்ளையா?"

கோமளை வெளியே வந்தாள். புள்ளி புள்ளியாக இருந்த சுவரைப் பார்த்தாள். அமைச்சரின் சொம்பைப் பார்த்தாள்.

மற்ற மூன்று சுவர்களிலும் அமைச்சர் மாமாவே மோர் தெளிக்க வேண்டும் என்றும், தான் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதாகவும் இளவரசி சொன்னாள்.