பழையது ஒன்றும் கூடாது

வெண்கரை நாட்டு மன்னர் இராசகம்பீரருக்கு யானைப்படை கிடையாது. சில்லு ஆலை இருந்தது. கோட்டைக்குள்ளேயே, அரண்மனைச் சமையல்கட்டைத் தாண்டினால் ஆலைதான். மணலில் ஆரம்பித்து, கண்ணுக்குத் தெரியாத கோடுகள் வரைந்து, கணினிக்குச் சில்லு செய்து விற்று நாடு பிழைத்தது. ஆலைக்கு அதிகாரி அம்பலத்தாடி.

ஒருநாள் கப்பலில் புது இயந்திரம் வந்தது. பழையதைவிட மெல்லிய கோடு வரையுமாம். அம்பலத்தாடி அதை ஒரே ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டார். மீதியெல்லாம் பழைய இயந்திரங்களில்தான் நடந்தது.

மந்திரி மழவராயருக்கு அம்பலத்தாடியைக் கண்டாலே ஆகாது. "மகாராஜா, பக்கத்து நாடு முந்திவிடும். இந்த ஆள் சுத்தப் பயந்தாங்கொள்ளி" என்று காதைக் கடித்தார்.

மன்னர் கொதித்துப்போனார். "அம்பலத்தாடி! நாளைப் பொழுது சாய்வதற்குள் கோட்டைக்குள் பழையது ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் உம் தலை இருக்காது."

"ஒன்றுமே கூடாதா, மகாராஜா?"

"ஒன்றுமே கூடாது!"

"உத்தரவு."

மறுநாள் மதியம் மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். "எவன் சமைத்தான்?" என்று அம்பலத்தாடியைக் கேட்டார்.

"புதுச் சமையல்காரர், மகாராஜா. அவர் எண்ணெயைக் குறை சொல்கிறார். எண்ணெயும் புதிது. எண்ணெய்க்காரர் அரிசியைச் சொல்கிறார். அரிசியும் புதிது. தண்ணீரும் வேறு கிணறு."

"வலி எதனால், அதைச் சொல்லும்!"

"எப்படிச் சொல்வேன்? எல்லாமே ஒரே நாளில் மாறியிருக்கிறது."

"வைத்தியரைக் கூப்பிடும்!"

"வந்திருக்கிறார். அவரும் காலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். தங்கள் நாடி இன்னும் பிடிபடவில்லையாம்."

மன்னர் முனகினார். திடீரென்று முகம் வெளிறியது. "ஐயோ, ஆலை?"

"போகிற வழியில் சமையல்கட்டு முதலில் வந்தது, மகாராஜா. ஆலைக்கு இனிமேல்தான் போக வேண்டும்."

"போகாதீர்!"

"சில்லும் வயிறு மாதிரிதான், மகாராஜா. நூற்றுக்கணக்கான வேலைகள் சேர்ந்துதான் ஒரு சில்லு. ஒன்றை மாற்றி, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்ததில் கைவைக்கலாம்."

"புரிந்தது. பழைய வைத்தியரைக் கூப்பிடும். சமையல்காரரையும்."

"மழவராயரையும் கூப்பிடட்டுமா?"

"அவருக்கு என்ன?"

"அவரும் பழையவர்தானே. விடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்."

வயிற்றைப் பிடித்தபடியே மன்னர் சிரித்துவிட்டார். "அவர் வேண்டாம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னீரே. ஒத்துக்கொள்கிறதா, பார்ப்போம்."